பவளப்பாறை மீன்களை எண்ணுவது எப்படி?

மன்னார் வளைகுடாத் தீவுகள் தேசியப் பூங்கா. அங்கே எண்ண முதலில் வனத்துறை அனுமதி வாங்குங்கள். ஒரே ஆழத்தில் 50 மீட்டர் நாடாவைப் பாறைமேல் விரியுங்கள். மிரண்ட மீன்கள் திரும்ப 15 நிமிடம் பொறுங்கள். அவசரப்பட்டால் களவா போன்ற மீன்கள் கணக்கில் வராது.

பிறகு நாடாவின் இருபுறமும் 2.5 மீட்டருக்குள் இருப்பவற்றை மட்டும் எண்ணியபடி மெதுவாக நீந்துங்கள். எளிதில் மிரண்டு ஓடும் ஓரா, களவா மீன்கள் முதலில். பாறையிடுக்குச் சிறுமீன்கள் அடுத்த சுற்றில். பின்னாலிருந்து முந்தி வரும் மீனைச் சேர்க்காதீர்கள், ஒன்றே இருமுறை பதிவாகும். பிளாஸ்டிக் பலகையில் பென்சிலால் எழுதுங்கள்.

அதிகம் ஏமாற்றுவது கிளிமீன்தான். வளரும்போது நிறம் மாறும், பெண் ஆணாகவும் மாறும். மங்கலான பெண்ணையும் பச்சை நீல ஆணையும் இரண்டு இனமென எழுதிவிடுவார்கள். உடல் வடிவத்தையும் பல்லையும் பாருங்கள். 5 மீட்டர்கூடத் தெரியாத கலங்கலில் எண்ணவே வேண்டாம்.