படிகக் குறைபாடுகள்: பிளஸ் டூ விடைத்தாளில் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்

‘குறைபாடு’ என்ற சொல்லிலேயே முதல் தடுமாற்றம் வந்துவிடுகிறது. படிகம் சரியாக வளரவில்லை, அதனால்தான் நடுவில் காலியிடம் (அணுவோ அயனியோ இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருப்பது) விழுந்தது என்று பல பிள்ளைகள் எழுதுகிறார்கள். அப்படி இல்லை. எவ்வளவு பொறுமையாக வளர்த்தாலும், தனிச்சுழி வெப்பநிலைக்கு (−273 °C) மேல் உள்ள எந்தப் படிகத்திலும் காலியிடம் இருக்கும். ஒரு அயனியைப் பெயர்க்க ஆற்றல் செலவாகும், வாஸ்தவம்தான். ஆனால் காலியிடம் எங்கே வேண்டுமானாலும் அமையலாம் என்பதால் என்ட்ரோபி, அதாவது ஒழுங்கின்மையின் அளவு, கூடுகிறது. இரண்டும் ஈடுகட்டிக்கொள்ளும் எண்ணிக்கையில் காலியிடங்கள் நிலைத்து நிற்கும், சூடேற்றினால் பெருகும்.

அடுத்தது அடர்த்தி. பிரெங்கல் குறைபாட்டில் அயனி படிகத்தை விட்டு வெளியே போகவில்லை, பக்கத்து இடுக்கில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அதனால் அடர்த்தி மாறாது. நேரயனியும் எதிரயனியும் தங்கள் இடத்தை விட்டே காலியாகிவிடும் ஷாட்கி குறைபாட்டில்தான் குறையும். இங்கே இன்னொரு மனப்பாடமும் காலை வாரும்: “நேரயனிதான் சிறியது, அதுதான் நகரும்.” சில்வர் குளோரைடுக்குச் சரி. கால்சியம் ஃபுளூரைடில் நகர்வது ஃபுளூரைடு அயனி. அதே சேர்மத்தில் ஷாட்கி குறைபாட்டை எழுதினால், ஒரு கால்சியத்துக்கு இரண்டு ஃபுளூரைடு காலியாக வேண்டும், இல்லையென்றால் மின்சுமை சமனாகாது.

படிகத்துக்கு நிறம் தரும் குறைபாடான எஃப் மையத்தில் உள்ள ‘எஃப்’ பிரெங்கலைக் குறிப்பதல்ல. நிறத்தைக் குறிக்கும் ‘ஃபார்பே’ என்ற ஜெர்மன் சொல்லின் முதலெழுத்து அது. சோடியம் ஆவியில் சூடாக்கிய சோடியம் குளோரைடு மஞ்சளாவது, குளோரைடு போன இடத்தில் சிக்கிய எலக்ட்ரானால்.

கணக்கில், ‘மோல் சதவீதம்’ என்றிருந்தால் 100ஆல் வகுக்க மறக்காதீர்கள். ஒரு ஸ்ட்ரான்சியம் அயனி (Sr²⁺) இரண்டு சோடியம் அயனிகளுக்குப் பதிலாக வருவதால் ஓர் இடம் காலியாகும். எனவே சோடியம் குளோரைடில் 10⁻³ மோல் சதவீதம் ஸ்ட்ரான்சியம் குளோரைடு கலந்தால், ஒரு மோலுக்கு 6.022 × 10¹⁸ நேரயனிக் காலியிடங்கள்.

கடைசியாக, தேர்வில் வராவிட்டாலும் எனக்கு ரொம்பப் பிடித்தது. குறைபாடு உலோகத்தைப் பலவீனமாக்கும் என்பது பாதிதான் உண்மை. உறை உரித்த தடித்த செம்புக் கம்பியைக் குறடால் பிடித்து, அடுப்பில் சிவக்கக் காய்ச்சி ஆறவிடுங்கள். நூல் மாதிரி வளையும். அதே இடத்தை நாலைந்து முறை மடக்கி நிமிர்த்துங்கள், விரல் வலிக்கும் அளவுக்கு விறைத்துவிடும். அணு வரிசை பிசகி நிற்கும் கோடுகளை டிஸ்லொகேஷன் என்பார்கள். அவை நகர்வதால்தான் உலோகம் எளிதாக வளைகிறது என்று 1934இல் டெய்லர், ஓரோவான், பொலானி மூவரும் தனித்தனியே சொன்னார்கள். மடக்க மடக்க அந்தக் கோடுகள் பெருகி ஒன்றில் ஒன்று சிக்கிக்கொள்கின்றன. நகர வழியில்லாமல் கம்பி இறுகுகிறது. திரும்பவும் காய்ச்சினால் சிக்கு விலகி, கம்பி பழையபடி இளகிவிடும்.