ஸ்டென்ட் வைத்தாச்சு, இனி மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள்

இதய ரத்தக்குழாய் அடைப்பை விரித்து, ஸ்டென்ட் என்ற சின்ன வலைக்குழாயை வைக்கும் ஆஞ்சியோபிளாஸ்டி முடிந்து வீட்டுக்கு வந்ததும் டிஸ்சார்ஜ் சீட்டையும் மாத்திரை அட்டைகளையும் மேசையில் பரப்பி வைத்துப் பாருங்கள். குலசேகரத்தில் ரப்பர் பால் வெட்டுக்குப் போகும் எங்கள் மாமாவுக்கு ஸ்டென்ட் வைத்தபோது நாங்கள் அதைச் செய்யவில்லை, எல்லாம் ரத்தம் நீர்க்கிற மாத்திரைதானே என்று ஒரே டப்பாவில் போட்டுவிட்டோம்.

அட்டையில் கம்பெனி பெயரோடு சின்ன எழுத்தில் மருந்தின் பெயரும் இருக்கும். ஒன்று ஆஸ்பிரின், பெரும்பாலும் 75 மில்லிகிராம். கூடவே குளோபிடோக்ரெல், டிகாக்ரெலர், பிராசுக்ரெல் இந்த மூன்றில் ஏதாவது ஒன்று. ரத்தத் தட்டணுக்கள் ஒட்டிக்கொண்டு ஸ்டென்டை அடைக்காமல் பார்ப்பதுதான் எல்லாவற்றுக்கும் வேலை, ஆனால் குணம் வேறு.

குளோபிடோக்ரெல் பழைய ஆள், தினம் ஒரு வேளை, விலையும் குறைவு. கல்லீரல் அதை மாற்றிக் கொடுத்தால்தான் வேலை செய்யும், அந்த மாற்றம் சிலருக்குச் சரியாக நடக்காது, நம் தெற்காசியர்களில் அப்படிப்பட்டவர்கள் நிறைய. கேஸ் மாத்திரையான ஒமெப்ரசோலும் அதன் வேலையைக் குறைக்கும், அதனால்தான் டாக்டர்கள் பான்டோப்ரசோல் எழுதுகிறார்கள்.

டிகாக்ரெலர் 90 மில்லிகிராம், காலையும் இரவும். இதையும் குளோபிடோக்ரெலையும் ஒப்பிட்டு 2009-ல் வெளிவந்த பிளேட்டோ ஆய்வில், மாரடைப்பு போன்ற அவசர நிலையில் வந்தவர்களில், ஒரு வருடத்துக்குள் இதய, ரத்தநாளக் காரணத்தால் இறந்தவர்கள் அல்லது மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள் குளோபிடோக்ரெல் பக்கம் 11.7 சதவீதம், டிகாக்ரெலர் பக்கம் 9.8. ஆனால் அறுவை சிகிச்சையோடு சேராத பெரிய ரத்தக்கசிவு இதில் கொஞ்சம் அதிகம். இன்னொன்று, சிலருக்கு மூச்சு முட்டும். மாமா ஒரு ராத்திரி எழுந்து உட்கார்ந்து “மக்கா, மூச்சு முட்டுது” என்றதும் ஆட்டோ பிடித்து ஓடினோம், இசிஜியும் எக்கோவும் பார்த்த பிறகுதான் இது மாத்திரையின் வேலை என்று தெரிந்தது, டாக்டரே குளோபிடோக்ரெலுக்கு மாற்றினார். மாத்திரைதான் காரணம் என்று நீங்களாக முடிவு கட்டி வீட்டில் இருந்துவிடாதீர்கள், உடனே காட்டுங்கள்.

பிராசுக்ரெலும் வீரியமானது, தினம் ஒரு வேளை. முன்பு பக்கவாதம் வந்தவருக்குக் கூடாது. 75 வயது தாண்டியவர், 60 கிலோவுக்குக் குறைந்தவர் என்றால் டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

எத்தனை நாள்? மாரடைப்புக்குப் பிறகு ஸ்டென்ட் என்றால் ஆஸ்பிரினும் அந்த மூன்றில் ஒன்றும் சேர்த்து வழக்கமாக 12 மாதம், ரத்தக்கசிவு பயம் உள்ளவருக்கு டாக்டர் குறைப்பதும் உண்டு. பல் பிடுங்கப் போகிறோம் என்று யாரும் தானாக நிறுத்த வேண்டாம், முதல் மாதங்களில் நிறுத்தினால் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளலாம். முழங்கால் வலிக்கு இபுபுரூஃபன், டைக்லோஃபெனாக் வாங்கிப் போடவும் வேண்டாம். மலம் தார் மாதிரி கறுத்தால் அன்றே ஆஸ்பத்திரி.

வேலைக்குத் திரும்பும் நாளை டாக்டர் சொல்லட்டும். வெட்டுக்கத்தி கையில் பட்டால் ரத்தம் சட்டென்று நிற்காது. சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிடம் எடுத்துப் பார்க்காமல் அழுத்துங்கள், அப்படியும் நிற்கவில்லை என்றால் கிளம்புங்கள்.

அப்புறம், மாத்திரை தீர ஒரு வாரம் இருக்கும்போதே வாங்கிவிடுங்கள், பேச்சிப்பாறை மாதிரி மலைப் பக்கம் இருப்பவர்கள் கட்டாயமாக. வேறு கம்பெனி என்றால் பரவாயில்லை, மருந்தின் பெயரும் மில்லிகிராமும் ஒன்றா என்று பாருங்கள். குளோபிடோக்ரெல் இல்லை, டிகாக்ரெலர் இருக்கிறது, இரண்டும் ஒன்றுதான் என்று கடையில் சொன்னால் வாங்காமல் அடுத்த கடைக்குப் போங்கள்.