நடுக்கம் நின்றது, எடை ஏறியது: டிபிஎஸ் வைத்த வீட்டுக்குச் சில குறிப்புகள்

எங்கள் வீட்டுக்காரருக்குப் பார்கின்சன் வந்து பதினோரு வருஷம். மூன்று வருஷத்துக்கு முன்னால் டிபிஎஸ், அதாவது மூளைக்குள் கம்பி வைத்து லேசாக மின்சாரம் கொடுக்கும் ஆபரேஷன் செய்தோம். மூளைக்குள் இரண்டு பக்கமும் எலெக்ட்ரோடு, காறை எலும்புக்குக் கீழே பேட்டரி. நடுக்கம் அடங்கியது. எட்டே மாதத்தில் 9 கிலோ ஏறிவிட்டார். முன்பெல்லாம் இடுப்பில் நிற்காத வேட்டிக்கு ஊக்கு குத்திவிடுவேன். இப்போது சட்டையில் நாலாவது பித்தான் ஏறவில்லை. இப்படி ஆகும் என்று எங்களிடம் யாரும் சொல்லவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

முதல் வேலை, ஆபரேஷனுக்கு முன்பே எடையைக் குறித்து வையுங்கள். நான் குறிக்கவில்லை. பழைய மருந்துச் சீட்டையெல்லாம் கிளறித்தான் ஒரு எண்ணைக் கண்டுபிடித்தேன். வாரம் ஒரு நாள், காலையில் வெளிக்குப் போய்வந்ததும், சாப்பிடுவதற்கு முன், அதே மிஷினில் பாருங்கள். மிஷினைத் தரையில் வையுங்கள், பாய்மேல் வைத்தால் தப்பாகக் காட்டும். அவர் ஏறி நிற்கும்போது பின்னால் ஒருவர் நிற்க வேண்டும்.

அடுத்தது, திட்டாதீர்கள். நான் திட்டினேன். ‘இந்த வயசுல என்ன இப்படி ஒரு தீனி’ என்று கேட்டே விட்டேன். அப்புறம் ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தபோதுதான் புரிந்தது. முன்பு ரசம் சாதத்தில் பத்து கரண்டி எடுத்தால் நாலு கரண்டி சட்டையிலும் தரையிலும் கிடக்கும். இப்போது பத்தும் வாய்க்குப் போகிறது. முறுக்கு டப்பா மூடியை நான்தான் திறந்து தர வேண்டியிருந்தது. இப்போது அவரே திறக்கிறார். போதாததற்கு, நாள் முழுக்க உடம்பு ஆடிக்கொண்டிருந்ததே, அதற்குச் செலவான சக்தியும் மிச்சம். தட்டில் அதே அளவு போட்டாலும் எடை ஏறத்தான் செய்யும். முதல் வருஷத்தில்தான் இது வேகமாக நடக்கிறது.

சமையலறையில் நான் மாற்றியது கொஞ்சம்தான். பெரிய தட்டை எடுத்துவிட்டுச் சின்னத் தட்டு வைத்தேன். அவர் பசி தாங்காத நேரம் மாலை நாலு மணி. அந்த நேரத்துக்கு வெள்ளரிக்காயும் மோரும். பார்கின்சனுக்கான லீவோடோபா மாத்திரை சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்னால். பருப்பு, முட்டை, பால் எல்லாம் புரதம். மாத்திரையோடு சேர்ந்து போனால் மருந்து உடம்பில் ஏறுவதை அது தடுக்கும். அதனால் சுண்டலை ராத்திரிக்குத் தள்ளினோம், டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான். புரதத்தை அடியோடு நிறுத்திவிடாதீர்கள், தசை கரைந்துவிடும்.

ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து இனிப்பைத் தேடினால் அதை வேறு கணக்கில் வையுங்கள். பார்கின்சனுக்குத் தரும் பிராமிபெக்சோல், ரோபினிரோல் போன்ற மாத்திரைகள் சிலருக்கு அடக்க முடியாத தீனி வெறியைக் கிளப்பும். டாக்டரிடம் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

முட்டி வலிக்கு பிசியோதெரபிக்குப் போனால், வாசலிலேயே ‘டிபிஎஸ் இருக்கு, டயாத்தெர்மி வைக்கக் கூடாது’ என்று சொல்லுங்கள். டயாத்தெர்மி என்பது மின் அலையால் உடம்புக்குள் சூடு ஏற்றுவது. அந்தச் சூடு கம்பி வழியாக மூளைக்குப் போகும். விளையாட்டு இல்லை.

இனி என் கொழுந்தனார் கேட்ட கேள்வி. ‘அண்ணி, தலைக்குள்ளதான் கம்பி இருக்கே, அப்படியே பசியையும் அமத்திவிடச் சொல்லக் கூடாதா?’

சொல்ல முடியாது, கம்பி இருக்கும் இடம் வேறு. இவருக்கு வைத்திருப்பது உடம்பின் அசைவைக் கவனிக்கும் சப்தலாமிக் நியூக்ளியஸ் என்ற பகுதியில், அது புளியங்கொட்டையை விடச் சின்னது. பசியை ஆள்வது மூளையின் இன்னொரு பகுதியான ஹைபோதலாமஸ். அங்கே பக்கவாட்டுப் பகுதியை அழித்தால் எலி எதிரே தீனி இருந்தும் தொடாமல் பட்டினி கிடக்கும் என்று 1951-இல் காட்டியவர்களில் ஒருவர் நம் நாட்டு பி.கே. ஆனந்த். பின்னாளில் டெல்லி எய்ம்ஸில் உடலியங்கியல் துறையைக் கட்டியவர். அந்த இடத்தில் மனிதருக்கு எலெக்ட்ரோடு வைத்தும் பார்த்திருக்கிறார்கள். டொரண்டோவில் 190 கிலோ எடையுள்ள ஒருவருக்கு ஹைபோதலாமஸில் வைத்து மின்சாரம் கொடுத்தபோது, ஏறத்தாழ இருபது வயதில் நண்பர்களோடு பூங்காவில் இருந்த காட்சி கண்முன் வந்ததாம்! 2008-இல் அது வெளியாகி, ஆராய்ச்சியே ஞாபகசக்தி பக்கம் திரும்பியது. 2013-இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் குழு மிகப் பருமனான மூன்று பேருக்குச் செய்ததை எழுதியது. மூவருக்கும் எடை குறைக்கும் குடல் ஆபரேஷன் ஏற்கெனவே பலிக்கவில்லை. நடுக்கத்துக்குக் கொடுக்கும் வழக்கமான அளவில் எடை அசையவில்லை. சும்மா இருக்கும்போது உடம்பு எரிக்கும் சக்தியைத் தனி அறையில் வைத்து அளந்து, அதைக் கூட்டும் எலெக்ட்ரோடு முனையைத் தேர்ந்த பிறகுதான் கொஞ்சம் இறங்கியது. பிரேசிலில், அடங்காத பசி வரும் பிராடர்-வில்லி என்ற பிறவி நோயுள்ள நாலு பேருக்கு வைத்ததில் எடை குறையவே இல்லை.

ஆனால் சப்தலாமிக் நியூக்ளியஸுக்கு ஹைபோதலாமஸ் பக்கத்து வீடு. மின்சாரம் அங்கே கசிவதும் எடை ஏறக் காரணமாக இருக்கலாம் என்று சில டாக்டர்கள் நினைக்கிறார்கள். ஆகவே கரண்ட் அளவைச் சரிசெய்யும் புரோகிராமிங்குக்குப் போகும்போது ‘பசி குறைய வையுங்கள்’ என்று கேட்காதீர்கள். எடை நோட்டை நீட்டி, ‘போன தடவை கரண்ட் அளவை மாற்றியது இந்தத் தேதி, எடை ஏற ஆரம்பித்தது இந்தத் தேதி’ என்று காட்டுங்கள். எங்கள் நோட்டில் கரண்ட் மாற்றிய நாளைச் சிவப்பு மையில் வட்டம் போட்டிருக்கிறேன். டாக்டர் முதலில் புரட்டிப் பார்ப்பது அந்த வட்டங்களைத்தான்.