ஒரே டிக்கெட், இரண்டு சமாதி: முதலில் வலது பக்கம் திரும்புங்கள்

டெல்லியில் ஹுமாயூன் சமாதி வாசலில் வாங்கும் டிக்கெட்டிலேயே இன்னொரு பெரிய சமாதியையும் பார்த்துவிடலாம். எனக்கே இது ரொம்ப நாள் தெரியாது. மயூர் விஹாரில் குடியேறியதிலிருந்து ஊரிலிருந்து யார் வந்தாலும் சுற்றிக்காட்டுவது என் பொறுப்பு. அப்படி ஐந்தாறு தடவை போயும், உள்ளே நுழைந்ததும் வலது கையில் இருக்கும் சின்ன வாயிலை நான் கண்டுகொண்டதே இல்லை. தூரத்தில் வெள்ளைக் குவிமாடம் தெரிந்தால் கால் தானாக அந்தப் பக்கம்தானே போகும்.

அந்தச் சின்ன வாயிலுக்குள் இருப்பது ஈசா கான் நியாஜியின் சமாதி. ஹுமாயூனுடையதைவிட ஏறக்குறைய இருபது வருடம் மூத்தது. இந்த வருடம் கும்பகோணத்திலிருந்து அத்தையும் மாமாவும் வந்திருந்தார்கள். அவர்களை அழைத்துப் போன வரிசையிலேயே சொல்கிறேன், நீங்களும் அப்படியே போகலாம்.

திருக்குறள் எக்ஸ்பிரஸிலோ தமிழ்நாடு சம்பர்க் கிராந்தியிலோ வருகிறவர்கள் ஹஜ்ரத் நிஜாமுதீன் ஸ்டேஷனில்தான் இறங்குவார்கள். சமாதி அங்கிருந்து பக்கம்தான். ஆனால் வந்த அன்றே பெட்டி படுக்கையோடு போக வேண்டாம், ரயில் களைப்பில் எல்லாக் குவிமாடமும் ஒரே மாதிரி தெரியும். எங்களைப் போல மயூர் விஹார் ஃபேஸ் 1-இல் இருந்து கிளம்பினால் பிங்க் லைனில் அடுத்த ஸ்டேஷனே சராய் காலே கான் - நிஜாமுதீன். அங்கிருந்து ஆட்டோ. கரோல் பாக், ஆர்.கே.புரம் பக்கம் தங்கியிருப்பவர்கள் வயலட் லைனில் ஜேஎல்என் ஸ்டேடியத்தில் இறங்கி ஆட்டோ பிடிக்கலாம். ஆட்டோக்காரரிடம் 'ஹுமாயூன் கா மக்பரா' என்று சொல்லுங்கள். நான் முதல் தடவை 'சமாதி' என்று சொல்லி, அவர் என்னை ராஜ்காட்டுக்குக் கூட்டிப் போகப் பார்த்தார்.

டிக்கெட் இந்தியர்களுக்கு ரொக்கமாகக் கொடுத்தால் 40 ரூபாய். வாசலில் இருக்கும் கியூஆர் கோடை ஸ்கேன் செய்து போனிலேயே எடுத்தால் 35. பதினைந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. வெளிநாட்டவருக்கு இதுவே 600 ரூபாய், ஆனால் சார்க் நாடுகளின் குடிமக்களுக்கு நம் கட்டணம்தான். யாழ்ப்பாணத்திலிருந்தோ கொழும்பிலிருந்தோ உறவினர் வந்தால் பாஸ்போர்ட்டைக் கையில் எடுத்துவரச் சொல்லுங்கள். போன தடவை வாசலில் ஒருவர், "ரெண்டு சமாதிக்கும் சேர்த்து நான் வாங்கித் தரேன், தலைக்கு நூறு" என்று இந்தியில் மாமாவை மடக்கினார். மாமாவுக்கு இந்தி தெரியாதது அன்று நல்லதாகப் போயிற்று. சேர்த்து வாங்க தனியாக எதுவும் கிடையாது, அந்த 35 ரூபாயிலேயே இரண்டும் அடக்கம். ஈசா கான் வாயிலில் தனியாக டிக்கெட் கேட்கவும் மாட்டார்கள்.

சாப்பாட்டுப் பையோடு போனால் வாசலில் பேச்சு வாங்க வேண்டியிருக்கும். தண்ணீர் பாட்டில் போதும்.

எப்போது போகலாம்? ஏப்ரல் முதல் ஜூலை வரை காலை ஆறரைக்கு உள்ளே இருங்கள், ஒன்பதுக்குள் வெளியே வந்துவிடுங்கள். குளிர்காலம் என்றால் மதியம் இரண்டரை மணி. காரணம் இருக்கிறது. ஹுமாயூன் சமாதிக்கு நாம் போவது மேற்கு வாயில் வழியாக. சாயங்கால வெயில் நமக்குப் பின்னாலிருந்து வந்து அந்தச் சிவப்புக் கல் மேல் விழும். தீபாவளியை ஒட்டிய புகை நாட்களில் மட்டும் போகாதீர்கள், குவிமாடமே தெரியாது, தொண்டைதான் கட்டும்.

சரி, உள்ளே வந்தாயிற்று. குவிமாடத்தைப் பார்க்காமல் வலது பக்கம் திரும்புங்கள்.

ஈசா கான் ஷேர் ஷா சூரியின் அவையில் இருந்த பிரபு. ஷேர் ஷா யார்? 1539-இல் சௌசாவிலும் 1540-இல் கன்னோஜிலும் ஹுமாயூனைத் தோற்கடித்து, நாட்டை விட்டே துரத்தியவர். ஹுமாயூன் ஈரான் வரை போய் அடைக்கலம் தேடி, 1555-இல்தான் டெல்லிக்குத் திரும்பினார். ஷேர் ஷா போய், அவர் மகன் இஸ்லாம் ஷா பட்டத்தில் இருந்த 1547-48-இல் ஈசா கானின் சமாதி இங்கே எழும்பிவிட்டது. பிறகு ஹுமாயூனின் சமாதிக்கு இதற்கு அடுத்த நிலத்தையே எடுத்தார்கள். துரத்தியவரின் ஆள் வாசல் பக்கம், துரத்தப்பட்டவர் உள்ளே. இந்தக் கதை தெரிந்தபின் பெரிய சமாதிக்கு நேரே ஓட எனக்கு மனசு வரவில்லை.

மதிலுக்குள் நுழைந்தால் எண்கோணம். கட்டடத்துக்கு எட்டுப் பக்கம், சுற்றியுள்ள மதிலுக்கும் எட்டுப் பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று வளைவுகள், அவற்றுக்கு மேல் நம் வீட்டுத் தாழ்வாரம் போல் கல்லால் இறக்கிய சாய்ப்பு. மேலே சின்னச் சின்னக் குடை மண்டபங்கள், அங்கங்கே நீலமும் பச்சையுமாக ஓட்டுத் துண்டுகள் ஒட்டிக்கொண்டிருக்கும். தோட்டம் நடைபாதையைவிடத் தாழ்வாக இருப்பதைக் கவனியுங்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை இந்த மதிலுக்குள் ஒரு கிராமமே குடியிருந்தது, மண் மேடிட்டுப் போயிருந்தது. சமீபத்திய சீரமைப்பில் தோண்டியபோதுதான் ஆதியில் இது பள்ளத் தோட்டம் என்று தெரிந்தது.

உள்ளே போய் அண்ணாந்து பாருங்கள். குவிமாடத்தின் உட்புறத்தில் வட்டத்துக்குள் வட்டமாகச் சுதை வேலை. கண் இருட்டுக்குப் பழக ஒரு நிமிடமாவது ஆகும். உடனே செல்போனைத் தூக்கினால் படத்தில் கறுப்புதான் விழும். மேற்குச் சுவரில் தொழுகைத் திசை காட்டும் மாடத்துக்கு மேலே உள்ள கல்வெட்டில்தான் யார் சமாதி, எந்த வருடம் என்பது இருக்கிறது. மாமா பொதுப்பணித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சுவரைத் தட்டிப் பார்க்கக் கை நீட்டினார், காவலர் விசில் அடித்தார். "சுண்ணாம்பும்மா. கடுக்காய்த் தண்ணி, வெல்லத் தண்ணி விட்டு அரைச்சிருப்பாங்க. சிமெண்ட் பூசியிருந்தா வேர்த்து வழிஞ்சிருக்கும்" என்றார். டெல்லியில் என்ன சேர்த்து அரைத்தார்களோ, சிமெண்ட் விஷயத்தில் அவர் சொன்னது சரி. 2007 முதல் ஆகா கான் அறக்கட்டளையும் தொல்லியல் துறையும் செய்த சீரமைப்பில் முக்கியமான வேலையே, போன நூற்றாண்டில் ஹுமாயூன் சமாதியின் கூரை மேல் கொட்டியிருந்த கான்கிரீட்டைப் பெயர்த்தெடுத்துவிட்டுச் சுண்ணாம்புக்குத் திரும்பியதுதான்.

ஈசா கானுக்கு முக்கால் மணி நேரம் கொடுங்கள். கூட்டம் இருக்காது, உட்கார நிழல் இருக்கும். எதிரே உள்ள மசூதியின் படியில் அத்தை உட்கார்ந்துகொண்டு அந்தக் கேள்வியைக் கேட்டார். "ஏண்டி, சமாதிக்குள்ள வந்திருக்கோமே, வீட்டுக்குப் போனதும் குளிக்கணுமோ?" மாமா அலட்டிக்கொள்ளவில்லை. "பட்டீஸ்வரத்துல பஞ்சவன் மாதேவி பள்ளிப்படைக்குப் போனியே, வந்து குளிச்சியா? அதுவும் ராஜேந்திர சோழன் சித்திக்குக் கட்டின சமாதிக் கோயில்தான்." அத்தை பதில் சொல்லவில்லை. தீர்மானித்துவிட்டார் என்று மட்டும் தெரிந்தது.

வெளியே வந்து நேராக நடந்தால் பூ ஹலீமா வாயில், அப்புறம் வலது பக்கம் அரப் சராய் வாயில். பார்த்துக்கொண்டே போய்விடலாம். அதையும் தாண்டினால் மேற்கு வாயில். அதன் இருட்டில் ஒரு நிமிடம் நில்லுங்கள். எதிரில் வளைவுக்குள் படம் மாட்டியது போல் முழுக் கட்டடமும் தெரியும். எல்லோரும் அங்கேதான் செல்பி எடுப்பார்கள், இரண்டு பேருக்கு வழிவிட்டுவிட்டு நீங்களும் எடுங்கள்.

ஹுமாயூன் 1556 ஜனவரியில் பழைய கோட்டையில், தன் நூலகப் படிக்கட்டில் தவறி விழுந்து இறந்தவர். அதனால் இங்கே படி ஏறும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம்தான். மேடை ஒரு மாடி வீட்டைவிட உயரம், படிகளோ ஒவ்வொன்றும் இரண்டு படிக்குச் சமம். முட்டி வலி உள்ளவர்கள் பக்கவாட்டில் திரும்பி, ஒவ்வொரு காலாக வைத்து ஏறுங்கள். இறங்கும்போது இன்னும் நிதானம். அத்தை அப்படித்தான் ஏறினார். ஏற முடியாதவர்கள் கீழே மேடையைச் சுற்றியே ஒரு நடை போகலாம். வளைவுகளுக்குப் பின்னால் உள்ள அறைகளிலும் சமாதிகள் உண்டு. மொகலாயக் குடும்பத்தினர் நூறு பேருக்கு மேல் இந்த வளாகத்தில் இருக்கிறார்கள்.

கட்டியது ஹுமாயூனின் மூத்த மனைவி பேகா பேகம் என்பார்கள். வரைந்தவர் மீராக் மிர்சா கியாஸ் என்ற பாரசீகக் கட்டடக் கலைஞர். 1570-களின் தொடக்கத்தில் முடிந்தது. தாஜ்மஹாலுக்கு முன்னோடி என்று எல்லா வழிகாட்டியும் சொல்வார். நான் பார்க்கச் சொல்வது வேறு. இப்போதுதான் ஈசா கானைப் பார்த்துவிட்டு வந்தீர்கள் அல்லவா, அந்த எண்கோணத்தை இங்கே தேடுங்கள். நடு அறை எட்டுப் பக்கம், மூலை அறைகளிலும் அதே எட்டு. அங்கே தனியாக நின்ற வடிவம் இங்கே பல மடங்காகப் பெருகிவிட்டது. நேரே இங்கே வந்தவர்களுக்கு இது பிடிபடாது, பெரியது என்பதோடு நின்றுவிடும்.

தெற்குப் பக்கமாகப் போனால் நடு அறை. ஒரே ஒரு வெள்ளைக் கல், அவ்வளவுதான். உண்மையான சமாதி அதற்கு நேர் கீழே நிலவறையில். வாசல் வளைவுகளின் இரு தோளிலும் ஆறு முனை நட்சத்திரம் பதித்திருப்பார்கள். அதைக் கண்டதும் அத்தைக்கு முகமே மாறிவிட்டது. "இது நம்ம சரவணபவ சக்கரம்னா!" அங்கே அது வெறும் அலங்காரம்தான். ஆனாலும் நான் திருத்தவில்லை, கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

மேடையில் மேற்குப் பக்கமாக நின்று வந்த வழியைத் திரும்பிப் பாருங்கள். 1857 செப்டம்பரில் கடைசி மொகலாயர் பகதூர் ஷா ஜஃபர் ஒளிந்திருந்து பிடிபட்டது இங்கேதான், பிறகு ரங்கூனுக்கு அனுப்பிவிட்டார்கள். 1947-இல் பிரிவினையின்போது இந்தத் தோட்டம் முழுக்க அகதிக் கூடாரங்கள். இப்போது கத்தரித்த புல்லும் நீர்க்கால்வாயுமாக இருப்பதைப் பார்த்தால் நம்பவே முடியாது. தென்கிழக்கு மூலையில் தனியாக நிற்பது நாவிதர் சமாதி. எந்த நாவிதர், யார் தலை சிரைத்தார் என்பதற்கெல்லாம் விடை இல்லை.

சூரியன் இறங்கியதும் காவலர்கள் விசில் ஊதிக்கொண்டே வருவார்கள், அதற்கு முன் மேடையிலிருந்து இறங்கிவிடுங்கள். பக்கத்திலேயே சுந்தர் நர்சரி பூங்கா இருக்கிறது, 2024-இல் திறந்த நிலத்தடி அருங்காட்சியகமும் இருக்கிறது. இரண்டும் இந்த 35 ரூபாயில் சேராது. புளியோதரைப் பொட்டலம் பிரிக்க நர்சரிப் புல்வெளிதான் தோது, அதனால் காலையில் போகிறவர்கள் அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். அருங்காட்சியகத்தை இன்னொரு நாளுக்கு விட்டுவிடுங்கள், ஒரே நாளில் திணித்தால் ஷேர் ஷாவும் ஹுமாயூனும் குழம்பிப் போவார்கள்.

நாங்கள் இருட்டும் நேரத்தில் மதுரா ரோடு ரவுண்டானாவில் ஆட்டோவுக்கு நின்றோம். நடுவில் நீல ஓடு வேய்ந்த சப்ஜ் புர்ஜ். சப்ஜ் என்றால் பச்சை, இருப்பது நீலம். மாமா அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார், ஆட்டோ வந்துவிட்டதால் கேட்கக் கொடுத்துவைக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அத்தை யாரிடமும் பேசாமல் துண்டை எடுத்துக்கொண்டு நேரே குளிக்கப் போனார். சக்கரமாவது, பள்ளிப்படையாவது.