கொப்பியை எறிகிற பிள்ளைக்கு ஏச முன்னம்

உளவளத்துணைக்கு வருகிற தாய்மார் பலர், "சரியான குழப்படி, சொல்வழி கேக்கிறானில்லை" என்றுதான் தொடங்குவார்கள். அந்த வேதனை எனக்கு விளங்கும். ஆனால் அதை மட்டும் வைத்து யாராலும் வழி சொல்ல முடியாது. கண்ணால் கண்டதைச் சொல்லுங்கள்: என்ன செய்தான், எத்தனை மணிக்கு, பக்கத்தில் யார் நின்றார்கள்.

ஒரு கொப்பியில் மூன்று பத்தி கீறுங்கள். நடுவில் பிள்ளை செய்தது, இடப்பக்கம் அதற்குச் சற்று முன் நடந்தது, வலப்பக்கம் உடனே நீங்கள் செய்தது. ஒரு கிழமை எழுதினால் போதும், எதையும் மாற்ற வேண்டாம். வலப்பக்கத்தை எழுதத்தான் பெற்றோர் தயங்குவார்கள். எனக்கு மிகவும் தேவையானதும் அதுதான்.

கொக்குவிலில் ஒரு வீடு. தரம் 3 படிக்கிற பெடியன், பின்னேரம் படிக்க இருத்தினால் கொப்பியைத் தூக்கி எறிவான். போன் கேட்டுத்தான் எறிகிறான் என்று வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். எழுதிப் பார்த்தால், தமிழ் வாசித்த நாட்களில் ஒரு சத்தமும் இல்லை. பெருக்கல் கணக்கு வந்த நாட்களில் மட்டும் கொப்பி பறந்திருக்கிறது. வலப்பக்கத்தில் தாய் எழுதியிருந்தது: "ஏசி வெளியில கலைச்சன்." வெளியே விறாந்தையில் அம்மம்மா, கையில் பனங்கட்டித் துண்டு. எறிந்தால் கணக்கும் இல்லை, பனங்கட்டியும் கிடைக்கிறது. பிறகு ஏன் எறியாமல் இருப்பான்?

எந்த நடத்தையும் எதையோ பெற்றுக் கொடுப்பதால்தான் நிலைக்கிறது. அதைக் கண்டுபிடித்தால், அதையே நல்ல வழியில் கிடைக்கச் செய்யலாம். இங்கே அவனுக்கு வேண்டியது ஓய்வு. "அம்மா, கொஞ்சம் பொறுத்துச் செய்யிறன்" என்று கேட்கப் பழக்கினோம். கேட்டவுடன் ஐந்து நிமிடம் விட வேண்டும், தாமதிக்கக் கூடாது. பத்துக் கணக்கை இரண்டு இரண்டாகப் பிரித்தோம். எறிந்தாலோ, ஏச்சில்லாமல் கொப்பியை எடுக்க வைத்து, ஒரு சின்னக் கணக்காவது முடித்த பிறகுதான் எழும்பலாம். "கெட்டிக்காரன்" என்பதைவிட, "எறியாமல் வாயால கேட்டாய், நல்லது" என்று உடனே சொல்வது நன்றாக வேலை செய்யும்.

முதல் நாட்களில் எறிதல் கூடலாம். பழைய வழி பலிக்காதபோது பிள்ளைகள் இன்னும் பலமாக முயல்வது வழமை. அந்த நேரம் விட்டுக்கொடுத்தால் பலமாக எறிந்தால் கிடைக்கும் என்று படித்துவிடுவான். இடைக்கிடை கிடைக்கிற பலன்தான் பழக்கத்தை மிகவும் இறுக்கும் என்பதை ஸ்கின்னர் முதலான உளவியலாளர்கள் பரிசோதனைகளிலேயே கண்டிருக்கிறார்கள். ஆகவே திட்டம் போடக் கூடிக் கதைக்கும்போது அம்மம்மாவையும் இருத்துங்கள். அவரை விட்டுவிட்டுப் போடுகிற திட்டம் எந்த வீட்டிலும் நிற்காது. பனங்கட்டியை நிறுத்தச் சொல்லத் தேவையில்லை, கணக்கு முடிந்த பிறகு கொடுக்கச் சொன்னால் சரி.

கொப்பியைத் தொடர்ந்து எழுதுங்கள். எறிதல் குறையவில்லையென்றால் எங்கள் ஊகம் பிழை, பிள்ளையில் குற்றமில்லை. இடப்பக்கத்தைத் திரும்ப வாசியுங்கள். கண்பார்வையையும் காது கேட்பதையும் ஒருக்கால் சோதிப்பியுங்கள்.

பிள்ளை திடீரென்று அடியோடு மாறினால், தன்னைத்தானே காயப்படுத்தினால், சாவைப் பற்றிப் பேசினால் கொப்பியோடு காத்திருக்க வேண்டாம். யாழ் போதனா வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள், 1926 என்ற தேசிய உளநல இலக்கத்துக்கும் அழைக்கலாம்.