பழைய லாரி: முட்டுக் கொடுக்காமல் கேபினை அறுக்காதீர்கள்

பேட்டரி இணைப்பைக் கழற்றாமல் வெல்டிங் வைக்காதே, ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதே என்பதையெல்லாம் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். வீட்டிலேயே லாரி புதுப்பிக்க இறங்குபவர்கள் திரும்பத் திரும்ப மாட்டிக்கொள்வது வேறு இடங்களில்.

முட்டில்லாமல் அறுப்பது

கேபினில் முதலில் துருவுக்கு இரையாவது தரையும், கதவுக்கு அடியில் ஓடும் பெட்டிச் சட்டமும். ஆர்வக்கோளாறில் கிரைண்டரை எடுத்து இரண்டு பக்கமும் ஒரேயடியாக அறுத்துவிடுவார்கள். கதவுக்கு முன்னும் பின்னும் நின்று கூரையைத் தாங்கும் தூண்களான பில்லர்கள் விலகாமல் பிடித்திருந்தது அந்தச் சட்டம்தான். அது போனதும் பில்லர்கள் சில மில்லிமீட்டர் நகரும், கண்ணுக்குத் தெரியாது. அப்படியே புதுத் தகட்டைப் பற்றவைத்து, பெயின்ட் அடித்து, கதவை மாட்டும்போதுதான் தெரியும்: மேலே இடிக்கும், கீழே விரல் நுழையும். கீலை எவ்வளவு சரிசெய்தாலும் தீராது. கண்ணாடிச் சட்டமும் கோணியிருந்தால், முன்கண்ணாடி ரப்பரில் உட்காரும்போதே விரிசல் விடும். மறுபடி அறுக்க வேண்டியதுதான். சில அடி குழாயால் முட்டுக் கொடுத்திருந்தால் தப்பியிருக்கக்கூடிய தவறு என்பதால்தான் இவ்வளவு எரிச்சல்.

கேபின், லாரியின் அடிச்சட்டமான சேசிஸிலேயே, மவுண்ட் போல்ட்டுகளோடு இருக்கட்டும். மவுண்டுக்கு அடியில் உள்ள ஷிம்கள் (உயரம் சரிசெய்யும் மெல்லிய தகடுகள்) எந்த மூலைக்கு எத்தனை என்று குறித்துவையுங்கள். கதவை மூடிச் சுற்று இடைவெளியையும், திறந்து திறப்பின் இரு மூலைவிட்டங்களையும் அளந்து எழுதுங்கள். பிறகு 25 மி.மீ. சதுரக் குழாயால் ஒவ்வொரு திறப்பிலும் குறுக்கே ஒன்று, மூலைவிட்டமாக ஒன்று, கேபினுக்குள் இடமிருந்து வலமாக ஒன்று என முட்டுக் கொடுங்கள். நல்ல தகட்டில் வையுங்கள்; துருவில் வைத்தால் பிய்ந்துவரும். கதவு மூட இடம்விட்டு உள்பக்கமாக வைப்பது முக்கியம். ஏனென்றால் புதுச் சட்டத்தை டேக் (அங்கங்கே சின்னப் புள்ளி வெல்டிங்) மட்டும் வைத்து, கதவை மாட்டி மூடிப் பார்த்த பிறகே முழு வெல்டிங். அதுவும் 25 மி.மீ. துண்டுகளாக, இந்த முனையில் ஒன்று, அந்த முனையில் ஒன்று. ஒரே இழுப்பாக ஓட்டினால் சூட்டில் தகடு இழுத்துக்கொள்ளும். ஒரு பக்கம் முடியாமல் மறுபக்கம் தொடாதீர்கள்.

நின்றுபோன எஞ்சினை ஸ்டார்ட்டரால் சுற்றுவது

ஆண்டுக்கணக்கில் நின்ற எஞ்சினில் பிஸ்டன் ரிங் சிலிண்டரோடு துருவில் ஒட்டியிருக்கலாம். வலுவில் சுற்றினால் ரிங் உடையும். ஒட்டிய வால்வு, அதைத் தள்ளித் திறக்கும் கம்பியான புஷ்ராடை வளைக்கும். ஸ்பார்க் பிளக்கையோ இன்ஜெக்டரையோ கழற்றி, சிலிண்டருக்கு 20–30 மி.லி. துரு இளக்கும் எண்ணெய் விட்டு இரண்டு மூன்று நாள் ஊறவிடுங்கள். பிறகு கிராங்க் புல்லி போல்ட்டில் நீளக் கைப்பிடி போட்டு மெல்ல முன்னும் பின்னும் அசையுங்கள். போல்ட் தளர ஆரம்பித்தால் நிறுத்துங்கள். அப்போதும் அசையாவிட்டால் சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றத்தான் வேண்டும். அசைந்ததும் பிளக்கை மாட்டிவிடாதீர்கள்: பிஸ்டன் மேல் தேங்கிய எண்ணெய் அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். துளைகள் திறந்தபடியே சுற்றி அதை வெளியேற்றுங்கள்.

மணல் பீய்ச்சல்

துருவை எடுக்க, சேசிஸுக்குச் சரி. கூரைக்கும் பானட்டுக்கும் வேண்டாம். அகலத் தகடு அலை அலையாக வளைந்துவிடும்.

கழற்றிய ஹெட் கேஸ்கட்

திரும்பப் போடாதீர்கள்.

பட்டி

பள்ளத்தை நிரப்பப் பட்டி 3 மி.மீ.க்கு மேல் தேவைப்பட்டால், தகட்டை இன்னும் தட்டிச் சமமாக்கவில்லை என்று அர்த்தம்.