பைபர் வள்ளத்தில் ஓட்டை அடைப்பது எப்படி? முதல் தடவை கைவைப்பவர்களுக்கு

நான் போட்ட முதல் ஒட்டு நாலு நாள்தான் தாங்கியது. நாயாற்றுக் கரையில் வள்ளத்தை இழுத்து ஏற்றிப் பார்த்தால், நனைந்த சுவரொட்டி மாதிரி ஒரு மூலையிலிருந்து முழுதாக உரிந்து கையோடு வந்தது. பைபர் இழைகளை ஒட்டி இறுக்கும் ரெசினை விற்ற கடைக்காரனைத்தான் முதலில் திட்டினேன். பக்கத்து மீன்வாடி ஐயா ஒட்டுக் கழன்ற இடத்தை விரலால் தடவி நாக்கில் வைத்துப் பார்த்தார். "உப்புக் கரிக்குது தம்பி. உப்புக்கு மேல பூசினா ஒட்டுமே?" என்றுவிட்டுத் தன் வலையைப் பார்க்கப் போய்விட்டார்.

அதனால் இந்த விளக்கத்தில் ரெசின் ஊற்றும் கட்டம் பிந்தித்தான் வரும். வேலையின் பெரும்பங்கு அதற்கு முன்னால் இருக்கிறது.

தட்டிப் பாருங்கள்

ஓட்டை தெரியும் இடத்தை விட்டுவிட்டு முதலில் முழு வள்ளத்தையும் தட்டுங்கள். திருப்புளியின் பிடி போதும். நல்ல பைபர் "டக் டக்" என்று துல்லியமாகப் பேசும். படை பிரிந்த இடமும் உள்ளே மரம் உக்கிய இடமும் "தொப்" என்று அமுங்கிய சத்தம் தரும். அந்த இடங்களைப் பென்சிலால் வட்டமிடுங்கள்.

இந்த இடத்தில் பாய்ப்படகுக் கதை ஒன்று சொல்ல வேண்டும். 1959இல் அமெரிக்காவில் ஒன்றுவிட்ட சகோதரர்களான கிளின்டன் பியர்சனும் எவரெட் பியர்சனும் 'ட்ரைட்டன்' என்ற 28 அடிப் பைபர் பாய்ப்படகை விற்பனைக்கு விட்டார்கள். கார்ல் ஆல்பெர்க் வரைந்த அந்தப் படகில் 700க்கு மேல் கட்டினார்கள். ஓட்டப் போட்டிக்கும் போகும், குடும்பத்தோடு நெடும்பயணமும் போகும். 1979இல் பாஸ்ட்நெட் பாய்ப்படகுப் போட்டி நடுவே புயல் அடித்தபோது, 32 அடி 'கொன்டெஸ்ஸா' படகு ஒன்றுதான் தன் வகுப்பில் போட்டியை முடித்தது. அந்தப் படகுகளின் உடம்பும் நம்முடையதைப் போலக் கண்ணாடி இழையும் பொலியெஸ்டர் ரெசினும்தான். அந்தக் காலத்துப் பைபர் உடம்புகள் பல இன்னும் கடலில் நிற்கின்றன. நோய் வருவது பெரும்பாலும் உள்ளே வைத்த மரத்தில். அவர்களுக்கு மேல்தளத்துக்குள் வைத்த பல்சா மரம் தண்ணீர் குடித்து உக்கும். நமக்கு எஞ்சின் பூட்டும் பின்பலகைக்குள் இருக்கும் ப்ளைவுட். ஆணித்துளை வழியாகத் தண்ணீர் போனால் வெளியே பளபளவென்று இருக்க, உள்ளே புட்டு மாதிரி ஆகிவிடும். பின்பலகை "தொப்" என்றால் அது இந்த விளக்கத்துக்குள் அடங்காது. வேலை தெரிந்த படகு மேசனிடம் போங்கள்.

கழுவி, காயவிட்டு, பிறகும் காயவிடுங்கள்

கிணற்றுத் தண்ணீரும் சவர்க்காரமும். ஓட்டையின் உள்பக்கமும் வெளிப்பக்கமும் தேய்த்து, நன்றாக அலசுங்கள். பிறகு வள்ளத்தைப் பனங்குற்றியில் ஏற்றிக் கவிழ்த்துவிட்டு, மழை பனி படாமல் மேலே படங்கு கட்டுங்கள். காற்றோட்டம் வேண்டும், இறுக்கிப் போர்த்தக் கூடாது. உடைந்த விளிம்பில் இழைகள் தண்ணீரை உறிஞ்சி வைத்திருக்கும், ஆகவே ஒரு நாள் வெயில் போதாது. நான் ஐந்து நாளாவது விடுவேன். வாடைக்கால மழையில் இந்த வேலையைத் தொடவே மாட்டேன். தென்மேற்குக் காற்று வீசும் சோளகக் காலம் காயவைக்க நல்லது, ஆனால் மணல் பறக்கும். காற்றுப்பக்கம் ஒரு மறைப்புக் கட்டுங்கள்.

விளிம்பை அரையுங்கள்

துணியில் அசிட்டோன் நனைத்து மெழுகு, எண்ணெயைத் துடைத்த பிறகுதான் கிரைண்டர். முன்னரே அரைத்தால் மெழுகைத் துளைகளுக்குள் தள்ளிவிடுவீர்கள். வெடித்து வெளுத்த பகுதியை எல்லாம் வெட்டி எடுங்கள். ஓட்டை பெரிதாகிறதே என்று பயப்பட வேண்டாம்.

அடுத்ததுதான் முக்கியமான கணக்கு. தடிப்பைப் போல 12 மடங்கு தூரத்துக்கு விளிம்பைச் சரிவாக அரைக்க வேண்டும். வள்ளத்தின் அடிப்பக்கம் 6 மில்லிமீற்றர் தடிப்பு என்றால் ஓட்டையைச் சுற்றி எல்லாப் பக்கமும் 72 மில்லிமீற்றர், கிட்டத்தட்ட நாலு விரல் அகலம். கையளவு ஓட்டைக்குச் சோற்றுத்தட்டளவு அரைப்பது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். என் முதல் ஒட்டில் நான் ஒரு விரல்கூட அரைக்கவில்லை. பழைய பைபரும் புதிய பைபரும் கலந்து ஒன்றாகாது. புதியது பழையதைப் பற்றிப் பிடிக்கத்தான் செய்யும். பிடிக்க இடம் கொடுக்க வேண்டும்.

கிரைண்டரில் 40 இலக்க அரத்தாள் தட்டுப் போடுங்கள். மூக்குக்குச் சரியான தூசிக் கவசம், கண்ணாடி, நீளக்கைச் சட்டை. தூசியின் சுணை தோலில் ஏறினால் இரண்டு நாள் உறங்க முடியாது. அரைத்து முடிந்ததும் தூசியைத் தட்டி மறுபடி அசிட்டோனால் துடையுங்கள். இதற்குப் பிறகு வெறுங்கை படக்கூடாது.

மேட் வெட்டுதல்

உள்பக்கமாகப் பொலித்தீன் சுற்றிய மெல்லிய பலகை ஒன்றை முட்டுக்கொடுத்து ஓட்டையை மூடுங்கள். ரெசின் பொலித்தீனில் ஒட்டாது, பிறகு கழற்றலாம்.

மேட் என்பது கண்ணாடி இழைத் துண்டுகளைப் பரப்பி ஒட்டிய விரிப்பு. சதுர மீற்றருக்கு 450 கிராம் நிறையுள்ள மேட் ஒரு படை ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் வரும். 6 மில்லிமீற்றருக்கு ஆறு படை. பெரியதிலிருந்து சிறியதுவரை வெட்டி, பெரியது முதலில் கீழே போகும்படி அடுக்குங்கள். சிறியதை முதலில் வைப்பவர்களும் உண்டு. பெரியது முதலில் போனால் ஒரே இழை சரிவு முழுவதையும் பிடிக்கும் என்பதால் நான் மாறவில்லை.

வெட்டிய மேட்டை நிறுங்கள். அதன் எடையைப் போல இரண்டரை மடங்கு ரெசின். 200 கிராம் மேட் என்றால் அரைக் கிலோ.

கலக்கும்போது

இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட் ஏற்கெனவே கலந்த ரெசினா என்று கடையில் கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் கோபால்ட்டை ரெசினில் ஊற்றி முழுதாகக் கலக்கிய பிறகுதான் ரெசினை இறுகவைக்கும் ஹார்ட்னர். கோபால்ட்டும் ஹார்ட்னரும் நேரடியாகச் சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கும். இரண்டையும் ஒரே பெட்டியில்கூட வைக்காதீர்கள். ஹார்ட்னர் கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். ஒரு வாளி நல்ல தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும். பட்டால் கால் மணித்தியாலத்துக்குக் குறையாமல் கழுவிக்கொண்டே இருந்து, அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஹார்ட்னரின் அளவு ரெசின் எடைக்கு 1 முதல் 2 சதவீதம். நம் வெயிலுக்கு 1 போதும். பார்மசியில் ஊசி வாங்கி அளந்து எடுங்கள். 250 கிராம் ரெசினுக்கு இரண்டரை மில்லிலீற்றர். மூடியால் குத்துமதிப்பாக ஊற்றாதீர்கள். வெயில் ஏறுகிறதே என்று 1 சதவீதத்துக்குக் கீழே போனால் அது கடைசிவரை முழுதாக இறுகாது. பனி உலர்ந்த காலை எட்டு மணிக்கு நிழலில் தொடங்குங்கள். ஒரு கலவை கால் மணித்தியாலம்கூடத் தராமல் போகலாம், அதனால் சிறிது சிறிதாகக் கலக்குங்கள்.

அரைத்த இடத்தில் முதலில் ரெசின் பூசி, மேட்டை வைத்து, பிறஷ் நுனியால் குத்திக்குத்தி நனையுங்கள். இழுத்துப் பூசினால் மேட் பிய்ந்து வரும். வெள்ளைப் புள்ளி தெரிந்தால் உள்ளே காற்று; இரும்பு ரோலரால் நடுவிலிருந்து வெளியே தள்ளுங்கள். மூன்று படையோடு நிறுத்துங்கள். ஒரே மூச்சில் ஆறும் போட்டால் உள்ளே சூடேறி வெடிப்பு விழும். ஒட்டின் சூடு தணிந்ததும், அன்றைக்கே, மற்ற மூன்று.

அடுத்த நாள் மேடுகளை அரைத்துச் சமப்படுத்தி மேற்பூச்சான ஜெல்கோட் பூசுங்கள். காற்றுப் பட்டால் அதன் மேற்பரப்பு பிசுபிசுவென்றே நிற்கும், அதனால் பூசியதும் மேலே பொலித்தீன் தாளை ஒட்டிவிடுங்கள்.

மூன்று நாள் கழித்து முட்டுப்பலகையைக் கழற்றி, ஒட்டின் உள்பக்கத்தில் அசிட்டோன் துணியை ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பிசுபிசுத்தால் இன்னும் இறுகவில்லை. இறுகியிருந்தாலும் உடனே கடலுக்கு வேண்டாம், முதலில் களப்புக்குக் கொண்டுபோங்கள். ஒட்டுக்கு மேல் உள்ளே பழைய பத்திரிகைத் தாள் ஒன்றை விரித்து, ஒரு கல் வைத்துவிட்டு, இரண்டு மணித்தியாலம் தண்ணீரில் விடுங்கள். தாள் எந்த மூலையில் நனைகிறது என்று பார்த்தால், மறுபடி எங்கே அரைக்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.